யார் சொன்னாலும் நிறுத்து

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் குளியலறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வந்தாளா இல்லையா என்று கவலைப்பட்டவர்களுக்கு முதலில் பதில்: வந்துவிட்டாள். குளித்து, தலையை இழுத்துக் கட்டி, நான்கு வருடமாகப் பரணில் கிடந்த கனத்த காலணியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் நிற்கிறாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே கிடக்கிற இரும்பையும் சிமென்ட்டையும் மேலே எடுத்துக் கொடுக்கிற வேலை. சைட்டில் இவளுக்குப் பெயர் பருந்து. கீழே நின்று ரேடியோவில் 'இடது, வலது, இறக்கு' என்று சொல்லி இவளை நடத்தியவர் பெயர் விசில். ரேடியோ மக்கர் செய்தால் விரலை மடக்கி வாயில் வைத்து அவர் அடிக்கிற விசில் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

அந்தக் குரலை நம்பி, தன் கண்ணுக்கே தெரியாத சுவருக்குப் பின்னால் எல்லாம் டன் கணக்கில் பாரம் இறக்கியிருக்கிறாள் பருந்து. அப்புறம் அந்தக் குரலையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. "ரெண்டு வருஷம் நீ பாத்துக்க, அடுத்த ரெண்டு வருஷம் நான் பாத்துக்கறேன்" என்றார் விசில். நான்கு வருடம் ஓடிவிட்டது. அந்த 'அடுத்த' மட்டும் வந்தபாடில்லை.

இன்று பருந்துக்குப் பரீட்சை. உரிமம் காலாவதியாகிவிட்டது. அதிகாரி முன்னால் மறுபடி ஓட்டிக் காட்டினால்தான் வேலை. இன்று விட்டால் அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தக் கூண்டில் வேறு யாராவது நிரந்தரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வருவதாகச் சொல்லியிருந்தாள். விசிலின் அக்கா. பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், வாக்குக் கொடுத்தால் மாறாதவள். ஆனால் மணி எட்டரை. வாசலில் ஆள் இல்லை. போன் அடித்து அடித்து அடங்குகிறது.

"அத்தை எங்க?" என்றது பெரியது. சின்னதைவிட மூன்று நிமிடம் மூத்த பையன். அந்த மூன்று நிமிடத்துக்காக வீட்டில் அவன் போடுகிற அதிகாரம் கொஞ்சநஞ்சமில்லை.

"வருவாங்க."

"வர மாட்டாங்க" என்றது சின்னது, ஒரு காலில் செருப்போடு. "நேத்தே வரலல்ல."

"நேத்து யாருடி வரச் சொன்னா அவங்கள?"

குழந்தைகள் காப்பகத்தில் இந்த வாரம் முழுக்க வெள்ளையடிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் பூட்டு தொங்குகிறது. பருந்து கணவனுக்குப் போன் போட்டாள். பின்னணியில் கான்கிரீட் கலவை இயந்திரம் கரகரத்தது.

"அண்ணி வரல."

"ஓ" என்றார் விசில். "அப்படியா."

அந்த 'ஓ' சரியில்லை. அது ஆச்சரியப்பட்ட ஓ இல்லை. சமைத்து வைத்திருந்த ஓ. ஆனால் அதைப் பிடித்து விசாரிக்க அவளுக்கு நேரமில்லை.

"அப்படியான்னா? இப்ப நான் என்ன பண்றது?"

"அதான் முந்தாநாளே சொன்னேனே. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்."

"தள்ளிப் போட்டா ஆறு மாசம்."

"நாலு வருஷம் இருந்தவளுக்கு ஆறு மாசம் ஒரு கணக்கா?"

பருந்து போனை அணைத்தாள். அடுப்படி மேடையில் அதை வைக்கும்போது கொஞ்சம் வேகமாகவே வைத்தாள். சின்னது நிமிர்ந்து பார்த்தது.

"போன் உடைஞ்சிருச்சா?"

"இல்ல. இன்னொரு செருப்பையும் போடு. வெளிய போறோம்."

"எங்க?"

"உங்க அப்பா ஆபீசுக்கு."

*

பேருந்தில் ஜன்னல் சீட்டுக்கு இரண்டும் அடித்துக்கொண்டன. பருந்து ஒரு பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள், இன்னொருவர் சட்டையில் ஒட்டிய பிஸ்கட்டைத் துடைத்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவள் காலணியை ஒரு தடவை பார்த்தார், பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தார், இரண்டையும் அவரால் சேர்த்து வைக்க முடியவில்லை.

இறங்கியதும் சைட் தெரிந்தது. வீடுகளுக்கு மேலே, வானத்தில் பாதியை மறித்துக்கொண்டு கிரேனின் நீண்ட கை. காலை வெயிலில் அதன் நிழல் தெருவைத் தாண்டி, காலி மனையைத் தாண்டி, கறுப்புக் கயிறு மாதிரி படுத்துக்கிடந்தது. சரியாக அந்த நேரத்தில் மேலே கை நகர, நிழலும் தெருவில் ஊர்ந்து வந்தது.

சின்னது கத்திக்கொண்டு பின்னால் குதித்தது. "அம்மா, இது யாரு நிழல்?"

"இப்ப வேற ஆளோடது. கொஞ்ச நேரத்துல என்னோடது."

"மிதிக்கலாமா?"

"முடிஞ்சா மிதி பாக்கலாம். ஓடிரும்."

சின்னது துரத்தியது. நிழல் நழுவியது. மறுபடி துரத்தியது, மிதித்தே விட்டது. பெரியதும் சேர்ந்துகொண்டது. காலையிலிருந்து முதல் தடவையாகப் பருந்துக்குச் சிரிப்பு வந்தது. வாசகர்களே, இந்த விளையாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

கேட்டில் காவல்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பருந்தக்கா. நெசமாவே நீங்கதானா?"

நான்கு வருடமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. வீட்டில் அவள் அம்மா, அல்லது 'இந்தாம்மா', அல்லது 'ஏய் இங்க பாரு'. பிள்ளைகளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"நான்தான். இவங்கள ஆபீஸ் ரூம் வரைக்கும் விடுங்க. வேலிக்கு வெளியதானே இருக்கு."

ஆபீஸ் என்றால் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, சுவர் முழுக்க வரைபடங்கள், மூலையில் தலைக்கவசக் குவியல். விசில் இப்போது பாரம் தூக்கும் வேலைகளுக்கு எல்லாம் மேற்பார்வையாளர். இடுப்பில் ரேடியோ, நெஞ்சில் அடையாள அட்டை. மூவரையும் பார்த்ததும் அவர் முகம் பழைய சோற்றுத் தண்ணீர் மாதிரி ஆனது.

"என்ன இது, இங்க கூட்டிட்டு வந்திருக்க?"

"உங்க பிள்ளைங்க. அடையாளம் தெரியலையா? நீங்க கிளம்பும்போதும் தூங்கிட்டிருப்பாங்க, வரும்போதும் தூங்கிட்டிருப்பாங்க. முழிச்சிருந்தா இப்படித்தான் இருப்பாங்க."

"வெளையாடாத. நான்தான் உனக்கு சிக்னல் குடுக்கணும். இவங்கள யாரு பாக்கறது?"

"நீங்கதான். அதிகாரிகிட்ட வாசல்லயே பேசிட்டேன். அவரே சிக்னல் குடுக்கறாராம்."

"என்னைக் கேக்காமயா?"

"உங்களக் கேட்டா தள்ளிப் போடச் சொல்வீங்க."

விசில் குரலைத் தாழ்த்தினார். கதவுக்கு வெளியே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். "எல்லாரும் பாக்கறாங்க. பொம்பளைய வேலைக்கு விட்டுட்டு இவன் பிள்ளை பாக்கறான்னு சொல்வானுங்க. என் மானத்த வாங்கணும்னே வந்தியா?"

"ஒரு மணி நேரம் பாத்தா போற மானமா அது? அப்ப நாலு வருஷம் பாத்தவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்னு யோசிங்க."

"ஆரம்பிச்சிட்டியா உன் நாலு வருஷப் புராணத்த."

"புராணம் இல்ல. இன்னைக்குக் கடைசி அத்தியாயம்." பருந்து தலைக்கவசம் ஒன்றை எடுத்து மாட்டினாள். "கதவச் சாத்தி வையுங்க. பெரியது சொல்லாமப் போகும், ஆனா தூரம் போகாது. சின்னது சொல்லிட்டுப் போகும், ஆனா போயே போயிரும். காதுல விழுந்துச்சா?"

"எனக்குத் தெரியும் என் பிள்ளைங்கள."

"சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவள் வேலிக்குள் போனாள்.

*

ஏணி ஏறுவதற்கே ஒரு தனி உடம்பு வேண்டும். அந்த உடம்பு இரண்டு பிள்ளைகளைச் சுமந்து, தைக்கப்பட்டு, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இத்தனை நாள் கழித்திருக்கிறது. பாதியில் மூச்சு வாங்கியது. 'நாலு வருஷம் இருந்தவளுக்கு' என்ற குரல் காதில் கேட்டது. மிச்சப் படிகளை அந்தக் கோபமே ஏற்றிவிட்டது.

கூண்டு மாறவில்லை. அதே கிழிந்த இருக்கை, புதிதாக ஒரு ஒட்டு. இடது கையில் ஒரு லீவர், வலது கையில் ஒரு லீவர். அவள் விரல்கள் போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் நேற்றுச் சாயங்காலம்தான் இறங்கிப் போனவள் போலிருந்தது.

கீழே எல்லாத் தலையும் மஞ்சள். தலைக்கவசம் போட்ட மஞ்சள் புள்ளிகள். ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி அதிகாரி.

பரீட்சை சொன்னால் லேசு. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பாயைத் தூக்க வேண்டும். வளைந்து வளைந்து நட்டிருக்கிற கம்பங்களுக்கு நடுவே கொண்டுபோக வேண்டும். கடைசியில் தரையில் போட்டிருக்கிற சுண்ணாம்பு வட்டத்துக்குள் வைக்க வேண்டும். கம்பம் விழக்கூடாது, தண்ணீர் சிந்தக்கூடாது.

"தயாரா?" ரேடியோவில் அதிகாரியின் வறண்ட குரல்.

"தயார் சார்."

"சட்டம் ஞாபகம் இருக்கா? சொல்லுங்க."

"ஓட்டச் சொல்ல ஒருத்தருக்குத்தான் அதிகாரம். நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் அதிகாரம். யார் நிறுத்துன்னாலும் நிறுத்தணும். ஏன்னு கேக்கக்கூடாது. திரும்ப ஓட்ட, அந்த ஒருத்தர் சொல்லணும்."

சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது. வீட்டிலும் இதே சட்டம்தான். நிறுத்தச் சொல்ல மாமனார், நாத்தனார், காப்பகத்து ஆயா, எதிர்வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் அதிகாரம் இருந்தது. ஓட்டச் சொல்லவேண்டிய ஒருத்தர்தான் வாயைத் திறக்கவே இல்லை.

"தூக்கு. மெதுவா."

பீப்பாய் தரையை விட்டது. முதல் கம்பம். இரண்டாவது. காற்று கொஞ்சம் தள்ளியது, அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். மூன்றாவது வளைவில் பீப்பாய் ஆட ஆரம்பித்தது. ஆட்டத்தை எதிர்த்து இழுக்கக் கூடாது. அது எங்கே போகிறதோ அதற்கு நேர் மேலே கொண்டுபோய்க் கிரேன் கையை நிறுத்தினால் தானாக அடங்கும். பிடிவாதக் குழந்தையும் அப்படித்தான் என்று நான்கு வருடத்தில் தெரிந்துகொண்டிருந்தாள். பீப்பாய் அடங்கியது.

"நல்லது" என்றார் அதிகாரி. அவர் வாயிலிருந்து அது வருவது சாதாரண விஷயம் இல்லை.

வட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டே வளைவு.

"நிறுத்து, நிறுத்து, நிறுத்து."

அதிகாரியின் குரல் இல்லை. விசிலின் குரல்.

கை தானாக நிறுத்தியது. பீப்பாய் முன்னால் போய், பின்னால் வந்து, நின்றது. பருந்தின் உடம்பு முழுக்க நெருப்புப் பற்றிக்கொண்டது. கீழே பார்த்தாள். பாரத்துக்கு அடியில் யாரும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. கம்பம் எதுவும் சாயவில்லை. எதற்கு நிறுத்து?

கெடுத்துவிட்டான். வேறு வழியே கிடைக்காமல், யாரும் மீற முடியாத அந்த ஒரு வார்த்தையை எடுத்து என் தலையில் போட்டுவிட்டான். அவள் பல்லைக் கடித்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"யார் நிறுத்தினது? காரணம்?" என்றார் அதிகாரி.

ரேடியோ கரகரத்தது.

"காரணம் சொல்லுங்க."

"சின்னது..." என்றது விசிலின் குரல். டன் கணக்கில் பாரம் இறக்க அவள் நம்பிய குரல் நடுங்கியது. "சின்னதக் காணோம். வேலிக்குள்ள வந்திருச்சு போல. பெரியவன் சொல்றான், நிழலப் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சாம்."

*

நெருப்பு அப்படியே பனிக்கட்டி ஆனது.

கோபப்பட இப்போது நேரமில்லை. பருந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக் கீழே பார்த்தாள். மஞ்சள், மஞ்சள், வெள்ளை, மஞ்சள். இவற்றில் ஒரு கறுப்புத் தலை இருக்க வேண்டும். தலைக்கவசம் இல்லாத தலை.

நிழலைப் பிடிக்கப் போயிருக்கிறாள். அப்படியானால் நிழலைத் தேடு. கிரேன் கையின் நிழல் கம்பிக் கட்டுகள் மேல் ஏறி, மணல் மேட்டில் வளைந்து, தண்ணீர்த் தொட்டிக்கு வெட்டிய குழி வரை போயிருந்தது. குழியில் மழைத்தண்ணீர் நின்றது. சுற்றிலும் பெரியவர்களின் இடுப்பு உயரத்துக்கு ஒரு நாடா மட்டும் கட்டியிருந்தது.

நாடாவுக்கு அந்தப் பக்கம், நிழலின் நுனியில், ஒரு கறுப்புப் புள்ளி குதித்துக்கொண்டிருந்தது.

"தெரியுது" என்றாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே பயமாக இருந்தது. "தொட்டிக் குழி. மணல் பக்கத்து விளிம்பு. யாரும் ஓடாதீங்க. கத்தாதீங்க. தொரத்துறாங்கன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டே பின்னால ஓடுவா. பின்னால குழி."

மணல் மேட்டுப் பக்கம் கிளம்பிய இரண்டு மஞ்சள் புள்ளிகள் அப்படியே நின்றன.

"சார், எனக்கு சிக்னல் வேணும். வலது பக்கம் சுத்தணும். நான் சுத்தினா நிழல் குழிய விட்டு விலகும். அவ நிழல் பின்னாலயே வருவா."

"பாரம் தொங்குது" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். வலது பக்கம் கீழ ஆள் இல்ல. நான் பாக்கறேன். நீங்களும் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பருந்து எத்தனை தடவை செத்தாள் என்று கேட்காதீர்கள்.

"ஆள் இல்ல. வலது. மெதுவா."

லீவரை ஒரு நகக்கண் அளவு சாய்த்தாள். கை நகர்ந்தது. நிழலும் நகர்ந்தது, குழி விளிம்பிலிருந்து மணலுக்கு. கறுப்புப் புள்ளி குதிப்பதை நிறுத்தியது. நிழல் தன்னை விட்டுப் போவதைப் பார்த்தது.

வா. வாடி தங்கம். மிதி பார்க்கலாம்.

புள்ளி ஓடி வந்தது. நாடாவுக்கு அடியில் புகுந்தது. நிழல் வேகமாகப் போனால் அவள் விழுவாள், மெதுவாகப் போனால் அவளுக்கு அலுத்துவிடும். ஒரு நான்கு வயசுக் காலின் வேகத்துக்கு அத்தனை பெரிய இரும்புக் கையைச் சுற்றினாள் பருந்து. அந்த வேகம் அவளுக்கு மனப்பாடம். தினமும் சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடக்கிற வேகம்.

"விசில்" என்றாள் ரேடியோவில். "என் குரலக் கேட்டு நட. ஓடாத. கம்பிக் கட்டுக்கு இடது பக்கம் வா. இன்னும் இடது. மணலச் சுத்தி வா. நில்லு. அங்கயே உக்காரு. கையக் காட்டு."

விசில் நடந்தார். இடது என்றால் இடது, நில் என்றால் நின்றார். தரையில் மண்டி போட்டுக் கையை விரித்தார். நிழல் அவர் மேல் ஏறிக் கடந்தது. பின்னாலேயே ஓடி வந்த சின்னது அவர் மேல் மோதி, "அப்பா, நீ நடுவுல வந்துட்ட, தள்ளு" என்றது. அது ரேடியோவில் எல்லோருக்கும் கேட்டது.

"நிறுத்தறேன் சார்" என்றாள் பருந்து. பீப்பாய் நின்றது. அப்புறம்தான் அவள் நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள்.

பிறகு அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "பீப்பாய அங்கயே தரையில வெச்சிட்டு இறங்கிருங்க. இன்னைக்கு போதும்."

"போதும், கீழ வா" என்றது விசிலின் குரலும்.

"வட்டத்துக்கு இன்னும் ரெண்டு வளைவு இருக்கு சார்" என்றாள் பருந்து. "பரீட்சை முடியல. நீங்க சிக்னல் குடுங்க. வேற யாரும் பேச வேணாம்."

மறுபடி ஒரு நொடி.

"இடது" என்றார் அதிகாரி. "மெதுவா."

*

தகரக் கொட்டகையில் இன்ஜினியரம்மா நின்றுகொண்டிருந்தாள். சைட் முழுக்க அவள் பொறுப்பு. முப்பது வயசிலேயே முகத்தில் ஐம்பது வயசுக் கண்டிப்பு. பருந்து உள்ளே நுழைந்ததும், "உக்காருங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

"சைட்டுக்கு யாராவது குழந்தைங்களக் கூட்டிட்டு வருவாங்களா? அம்மாவாச்சே நீங்க. அந்த அளவுக்குக்கூட யோசிக்க மாட்டீங்களா?"

பருந்து சின்னதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முழங்கால் முழுக்க மணல். பெரியது வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. "நான் சொன்னேன்மா. அப்பா கேக்கல. வாசல்ல நின்னு உன் பீப்பாயவே பாத்துட்டிருந்தாரு."

விசில் பருந்தின் பக்கம் விரலை நீட்டிக்கொண்டு இன்ஜினியரம்மாவிடம் சொன்னார். "நான் காலையிலயே சொன்னேன் மேடம். தள்ளிப் போட்டுக்கலாம்னு. இவதான் பிடிவாதமா தூக்கிட்டு வந்துட்டா."

சற்று முன் மகளைப் பிடிக்க அவர் விரித்த கை அது. அந்தக் கை இப்போது அவளைச் சுட்டிக்கொண்டிருந்தது.

பருந்து வாயைத் திறக்கப் போனபோது போன் அடித்தது. நாத்தனார். பருந்து எடுத்தாள், என்ன தோன்றியதோ, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம், கையெல்லாம் க்ரீம். என்ன விஷயம்?"

"வர்றேன்னீங்களே அண்ணி."

"எங்க? உன் பரீட்சைதான் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போச்சே."

"யாரு சொன்னா?"

"உன் வீட்டுக்காரன்தான். நேத்து சாயங்காலம் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனான். ஏன், தள்ளிப் போகலையா?"

காலையில் கேட்ட அந்த 'ஓ' இப்போது எழுந்து நடுவில் வந்து நின்றது.

"தள்ளிப் போகல அண்ணி. அப்புறம் பேசறேன்."

விசில் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். அதில் அவருக்கு வழி எதுவும் போட்டிருக்கவில்லை.

இதுவரை ஓரமாக நின்ற அதிகாரி முன்னால் வந்தார். "நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். நீங்க மேல இருந்தப்ப குழந்தைங்க யாரு பொறுப்புல இருந்தாங்க? உங்க பதில் அப்படியே அறிக்கையில போகும். உங்க பொறுப்புன்னா உரிமம் தர முடியாது. அவர் பொறுப்புன்னா அவர் வேலையில இருக்கறவர். அதுக்கு இங்க நடவடிக்கை எடுப்பாங்க."

விசில் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பருந்துக்குத் தெரியும். மாமனாரிடம் சொல்லாமல் விட்ட விஷயங்களுக்கு, மறந்துபோன பிள்ளைகளின் தடுப்பூசிக்கு, வராமல் போன பிறந்தநாளுக்கு எல்லாம் அந்தப் பார்வை வரும். அவள் 'என் தப்புதான்' என்று சொல்லி மூடிவைப்பாள். நான்கு வருடம் அப்படித்தான் பாரம் இறக்கியிருக்கிறாள், தன் தலை மேலேயே.

"அவங்க அப்பா பொறுப்புல" என்றாள் பருந்து.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன சார் இருக்கு. பெத்த அப்பாகிட்ட பிள்ளைங்கள விட்டுட்டுப் போனேன். கதவச் சாத்தச் சொல்லிட்டுத்தான் போனேன். அது என் தப்புன்னா எழுதிக்கங்க."

அதிகாரி எழுதவில்லை. பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டார். "பீப்பாய வட்டத்துக்குள்ளயே வெச்சிட்டீங்க. ஒரு கை தண்ணிதான் குறைஞ்சிருக்கு. அவ்வளவு சுத்தினதுக்கு அது ஒண்ணும் இல்ல. உரிமம் நாளைக்கு வரும்." வாசலில் ஒரு தடவை நின்றார். "நிறுத்துன்னு கேட்டதும் நிறுத்தினீங்க பாருங்க. ஏன்னு தெரியாம. அதுக்குத்தான் மார்க்."

இன்ஜினியரம்மா கையை நீட்டி, விசிலின் நெஞ்சில் இருந்த அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "நீங்க ரெண்டு வாரம் வர வேணாம். விசாரணை முடியட்டும்."

"மேடம், ரெண்டு வாரம் நான் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

பெரியது ஆர்வமாக அவரை நிமிர்ந்து பார்த்தது.

"நீங்க திங்கட்கிழமை வந்துருங்க" என்றாள் இன்ஜினியரம்மா பருந்திடம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மன்னிப்பு என்று சொல்ல முடியாது, அதற்குப் பக்கத்து வீடு. "போன வருஷமே வந்திருந்தா இந்தப் பரீட்சையே வேண்டியிருந்திருக்காது. உரிமம் அப்ப உயிரோடதானே இருந்துச்சு. நீங்கதான் இஷ்டமில்லைன்னுட்டீங்க."

பருந்து நின்றாள். "எது போன வருஷம்?"

"நாங்க கூப்பிட்டோமே. இவர்கிட்டதான் சொல்லியனுப்பினேன். மறுநாளே வந்து சொன்னாரு, அவளுக்கு இனிமே உயரம் ஆகாது மேடம், பயப்படறான்னு."

*

பருந்து விறுவிறுவென்று கேட்டுக்கு வந்தாள். காவல்காரர் "பருந்தக்கா, பாஸா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினாள். சின்னது இடுப்பில், பெரியது கையில். கிரேனின் நிழல் தெருவில் அசையாமல் கிடந்தது.

பின்னால் அவசர அவசரமாகக் காலடிச் சத்தம்.

"சொல்றதக் கேளு. நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா... எல்லாம் உங்களுக்காகத்தான். மேல போய் ஏதாவது ஆயிடுச்சுன்னா இந்த ரெண்டும்..."

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏய். நில்லு."

சைட்டுக்குள் எத்தனை தடவை இந்தக் குரலுக்கு அவள் கை தானாக நின்றிருக்கிறது. இன்று காலைகூட நின்றது. பருந்து திரும்பினாள். சின்னதை இடுப்பிலிருந்து இறக்கினாள். பெரியதின் விரல்களைத் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பேரையும் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"ரெண்டு மணிக்கு சோறு குடுத்துரு. சின்னது முழங்கால்ல மருந்து போடு, அழும், விட்டுராத. பெரியது மத்தியானம் தூங்கலன்னா சாயங்காலம் ஆடித் தீத்துரும்."

"நீ எங்க போற?"

"உங்க அக்கா கடைக்கு. உயரம்னா எனக்குப் பயம்னு இன்னும் யார் யார்கிட்டல்லாம் நீ சொல்லி வெச்சிருக்கன்னு தெரிஞ்சுக்கணும்."

"நில்லுன்னு சொல்றேன்ல."

"அந்தச் சட்டம் கேட்டுக்கு உள்ள மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, வந்துகொண்டிருந்த பேருந்துக்குக் கையைக் காட்டினாள் பருந்து.